மறு: ‘உள்ளடக்க உடல் தசையழற்சி’க்கு மாற்றுச்சொல்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

இன்குளூஷன் பாடி மயோசிட்டிஸ் (inclusion body myositis) என்ற தசைநோய்க்கு நீங்கள் தந்த ‘உள்ளடக்க உடல் தசையழற்சி’ என்ற சொல்லில் ‘உடல்’தான் இடிக்கிறது. யூனிஸ், சமாஹா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971-இல் இந்த ஆங்கிலப் பெயரை இட்டபோது, ‘இன்குளூஷன் பாடி’ என்று தசை இழைக்குள் நுண்ணோக்கியில் தெரிந்த படிவைத்தான் சுட்டினார்கள். மேனிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘உட்படிவுத் தசையழற்சி’ என்று வைக்கலாம். ‘உள்திரள்’ என்று வைத்தால் சொற்புணர்ச்சியில் ‘உட்டிரள்’ ஆகிவிடும், படிப்பவர் தடுமாறுவார். ‘உட்பொதி’யைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். படிவு என்றால் எங்கள் தஞ்சைப் பக்கம் விளக்கமே வேண்டாம். வாய்க்கால் அடியில் வண்டல் படிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

இந்த நோய்க்குத் தனிப்பெயர் அவசியம், ஏனென்றால் வேறு நோய்களின் சாயலிலேயே வருகிறது. 50 வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் மடை திறக்கப் போகிறார். மண்வெட்டிக் காம்பைப் பிடித்தால் விரல் இறுக மாட்டேன் என்கிறது. வாய்க்காலிலிருந்து கரையேறும்போது முழங்கால் திடீரென்று மடங்கி விழுகிறார். ஊரில் மூட்டுத் தேய்மானம் என்பார்கள். கை மெலிவதைப் பார்த்து, இயக்க நரம்பணு நோயோ (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) என்று மருத்துவருக்கே சந்தேகம் வரலாம். தசைநோய் என்று தெரிந்த பிறகும் பலதசையழற்சி (பாலிமயோசிட்டிஸ்) என நினைத்து ஸ்டீராய்டு தருவதுண்டு. பெரும்பாலும் அதற்கு இது மசியாது. ரத்தத்தில் சி.கே. (தசை சேதமானால் கூடும் நொதி) அளவும் பலருக்குக் கொஞ்சம்தான் கூடும், சிலருக்கு இயல்பாகவே இருக்கும்.

பலதசையழற்சி தோளையும் இடுப்பையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சில வாரங்களிலோ மாதங்களிலோ தளர்த்தும். உட்படிவுத் தசையழற்சியோ ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும். விரலை மடக்கும் முன்கைத் தசையும் தொடையின் முன்தசையும் வலுவிழக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக. கையை மல்லாத்திப் பார்த்தால் முன்கையின் உட்பக்கம் குழிந்திருப்பது தெரியும். விழுங்கவும் சிரமப்படலாம். தசைத்துணுக்குச் சோதனையில் (பயாப்சி) விளிம்பு கட்டிய நுண்குமிழிகள் தெரிவது முக்கியமான தடயம்.

அப்புறம், ‘அழற்சி’யை விட்டுவிட்டுத் ‘தசைச்சிதைவு’ என்று போடலாமே என்ற யோசனை. இந்த நோயில் சிதைவும் உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் மரபுவழித் தசைநோய்களுக்கு நிலைத்துவிட்டது. அறிக்கையில் அதைப் பார்த்தால், பிள்ளைகளுக்கும் வருமோ என்று குடும்பமே கலங்கும். இந்த நோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. வீண் பயத்தைக் கிளப்பும் சொல் நமக்கு வேண்டாம்.

பலதசையழற்சி, தோல்தசையழற்சி (டெர்மட்டோமயோசிட்டிஸ்), உட்படிவுத் தசையழற்சி மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் அடுத்தடுத்துப் போட்டால் உறவும் வேறுபாடும் ஒருசேரத் தெரியும். ‘உட்படிவு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள் ஐயா.