ஆறு லிப்போவுக்கு ஒரு சார்ஜர்: பரலல் போர்டா, நாலு சனலா?

உப்புவெளி_விங்
வணக்கம். நாங்கள் நாலு பேர் நிலாவெளிப் பக்க வெட்டையில் ஃபோம் விமானம் பறக்கவிடுகிறோம். எல்லோருடையதையும் சேர்த்தால் 3எஸ் (மூன்று செல் தொடராய் உள்ளது) 2200 மில்லியம்பியர் மணிப் பற்றரி ஆறு, 3எஸ் 1300 இரண்டு, 2எஸ் (இரண்டு செல்) ஒன்று. எல்லாம் சாதாரண லிப்போ, அதாவது லிதியம் பொலிமர் பற்றரி. இப்போது இருப்பது 50 வாற் சார்ஜர் ஒன்று. ஒவ்வொன்றாய்ப் போட்டு எடுக்கச் சனிக்கிழமை முழுக்கப் போய்விடுகிறது, ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று, பெரிய ஒற்றைச் சார்ஜரும், பல பற்றரியைப் பக்கம் பக்கமாய் இணைத்து ஒன்றாய் ஏற்றும் பரலல் போர்டும். மற்றது, நாலு பற்றரியைத் தனித்தனியே ஏற்றும் நாலு சனல் சார்ஜர். காசு சேர்த்துக் கொழும்பில் இருந்து ஒருதரம்தான் எடுப்போம். எதற்குப் போகலாம்?

கிண்ணியா_நாநா
தம்பி, பரலல் போர்ட்தான். கணக்கைப் பாருங்கள். 2200 பற்றரியை 1சியில், அதாவது ஒரு மணித்தியாலத்தில் நிறையும் அளவில், ஏற்றினால் 2.2 அம்பியர். ஆறையும் பரலலில் போட்டால் சார்ஜருக்கு அது 13,200 மில்லியம்பியர் மணியுள்ள ஒரே பற்றரி. அதற்கு 13.2 அம்பியர் வேண்டும். 3எஸ் நிறையும்போது 12.6 வோல்ற். பெருக்கினால் 166 வாற். 250 வாற் சார்ஜர் ஒன்று தாராளமாய்ப் போதும். ஆறும் ஒன்றாக ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். நாலு சனலில் போட்டால் இரண்டு தவணை. உங்கள் 50 வாற் சார்ஜரில் ஆறு தவணை.

போர்ட் வாங்கும்போது ஒவ்வொரு வாசலுக்கும் பியூஸ் உள்ளதாய் வாங்குங்கள். பியூஸ் இல்லாததை யார் மலிவாய்த் தந்தாலும் வேண்டாம்.

உவர்மலை_மின்
நாநாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்கு மட்டும் வைத்துச் சார்ஜர் வாங்கக் கூடாது.

பரலலில் போட்டால் ஆறு பற்றரியின் முதலாம் செல்களும் ஒன்றாய்க் கட்டுப்படும், இரண்டாம் செல்களும் அப்படி, மூன்றாவதும் அப்படி. திரையில் 4.20, 4.20, 4.19 வோல்ற் என்று அழகாய்த் தெரியும். அந்த ஆறில் ஒன்றின் நடுச் செல் சோர்ந்துபோயிருந்தாலும் திரையில் அதே எண்கள்தான், ஏனென்றால் மற்ற ஐந்தும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதே பற்றரியைத் தனிச் சனலில் போட்டுப் பாருங்கள். 4.20, 4.11, 4.20 என்று நிற்கும், பலன்ஸ் (செல்களைச் சமப்படுத்துவது) முடியாமல் இழுபடும். எந்தப் பற்றரி, எந்தச் செல் என்று சார்ஜரே காட்டித் தரும். உள்தடையை மில்லியோமில் காட்டும் வசதியும் தனியாகப் போட்டால்தான் பிரயோசனம். பரலலில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று. ஒரு பற்றரி நிறைந்து 12.6 வோல்றில் இருக்கிறது, மற்றது பாதியில் 11.4ல் இருக்கிறது என்று வையுங்கள். தெரியாமல் இரண்டையும் ஒரே போர்டில் சொருகினால் வித்தியாசம் 1.2 வோல்ற். இரண்டு பற்றரியின் உள்தடை, வயர், பிளக் எல்லாம் சேர்ந்து 50 மில்லியோம் என்று வைத்தாலும் சொருகிய கணத்தில் 24 அம்பியர் பாயும். 2200 பற்றரிக்கு அது கிட்டத்தட்ட 11சி. அவ்வளவு வேகமாய் ஏற்றுவதற்குச் செய்த பற்றரி இல்லை அது. சார்ஜரை 'ஒன்' பண்ணுவதற்கு முதலே இது நடந்துவிடும். அதனால் சார்ஜரில் உள்ள எந்தப் பாதுகாப்பும் இதில் தலையிடாது.

கிண்ணியா_நாநா
அதற்குத்தானே ஐயா ஒழுங்கு இருக்கிறது. சொருகுவதற்கு முன் ஒவ்வொரு பற்றரியையும் செல் செக்கரில் (செல் வோல்றைக் காட்டும் சிறு கருவி) பார்க்க வேண்டும். செல்லுக்கு 0.05 வோல்றுக்குள் இருந்தால் மட்டும் ஒன்றாய்ப் போடலாம். உங்கள் கணக்கையே எடுங்கள்: 3 செல்லுக்கு 0.15 வோல்ற், 50 மில்லியோமுக்கு 3 அம்பியர். அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதலில் பெரிய பிளக், சற்றுப் பொறுத்து அதற்குப் பிறகுதான் பலன்ஸ் வயர். மாறிச் சொருகினால் சமப்படுத்தும் மின்னோட்டம் எல்லாம் அந்த நூல் மாதிரி வயரால் போகும். இந்த வரிசையைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் பிரச்சினை வராது.

சோர்ந்த செல்லைக் கண்டுபிடிப்பதும் முடியாத வேலை இல்லை. ஏற்றிக் கழற்றிய பற்றரியை இரவு வைத்துவிட்டுக் காலையில் செக்கரில் பாருங்கள். கெட்ட செல் தானாகவே கீழே வந்து நிற்கும். பறந்து வந்த கையோடு பார்த்தாலும் தெரியும், மற்ற இரண்டும் 3.75ல் நிற்க அது மட்டும் 3.5ல் நிற்கும்.

உலகம் முழுக்கப் பறப்பவர்கள் பரலலில்தான் ஏற்றுகிறார்கள். பயந்தால் எதையும் செய்ய முடியாது.

உவர்மலை_மின்
பயமுறுத்த எழுதவில்லை நாநா. நீங்கள் உங்கள் பற்றரியை உங்கள் கையால் போடுகிறீர்கள். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே விமானத்தில் ஓடியவை, ஒரே அளவு இறங்கியவை. அங்கே பரலல் சரி, நான் மறுக்க மாட்டேன். இந்தத் தம்பி சொல்வது வேறு. நாலு பேருடைய பற்றரி. வயதும் வேறு, பாவனையும் வேறு. தம்பி, ஒன்று சொல்லுங்கள், வெட்டையில் இருந்து திரும்பி வரும்போது எல்லாப் பற்றரியும் ஒரே அளவில் இறங்கித்தான் வருகின்றனவா?

உப்புவெளி_விங்
இல்லை ஐயா. சிலது 3.7ல் வரும், சிலது தொடாமலே நிறைந்தபடி வரும். எல்லாம் ஒரே பையில்தான் கிடக்கும். அடுத்த கிழமை சார்ஜ் போடுவது யார் என்பதும் மாறி மாறித்தான். இரண்டு பேர் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பொடியன்கள்.

உவர்மலை_மின்
அப்படியென்றால் விடை அங்கேயே இருக்கிறது. நாலு சனல். எதில் என்ன போட்டாலும் அது தனிப் பற்றரி. 2எஸ் ஒரு சனலில், 1300 ஒரு சனலில், 2200 இரண்டில். அதே 2எஸ் பற்றரியை ஒரு பொடியன் கை தவறி 3எஸ் போர்டில் சொருகினால் என்ன நடக்கும் என்று நாநாவுக்குத் தெரியும்.

கிண்ணியா_நாநா
தெரியும். 2எஸ் பக்கத்திலேயே வரக் கூடாது. 1300ஐ 2200ஓடு போடுவதில் மின்கணக்குப்படி தடையில்லை, செல் எண்ணிக்கையும் வகையும் ஒன்றாய் இருந்தால் போதும். ஆனால் பொடியன்கள் மாறி மாறிப் போடுகிறார்கள் என்றால் நானும் அந்த வீட்டில் போர்டை வைக்கமாட்டேன். பொறுப்பான ஒரு ஆள் மட்டும் போடுவதாய் இருந்தால் என் பேச்சு பேச்சுத்தான்: அதே காசுக்குப் பரலலில் வேலை விரைவாய் முடியும்.

குச்சவெளி_கிளைடர்
இரண்டு பேரும் ஏற்றுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். நம் பக்கத்தில் பற்றரியைத் தின்பது ஏற்றும் முறை இல்லை, நிறைத்து வைத்துவிட்டுப் பறக்காமல் விடுவதுதான்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று எழும்பினால் ஃபோம் விமானம் வெட்டையில் நிற்குமா? காலையில் ஒன்றிரண்டு தடவை பறந்தால் பெரிய காரியம். மிச்சப் பற்றரி எல்லாம் 4.20ல் வீட்டுக்கு வரும், தகரக் கூரைக்குக் கீழே அந்த வெக்கையில் அடுத்த ஞாயிறு வரை கிடக்கும். லிப்போ ஊதிப் பழுதாவதற்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள். தட்டையாய் இருக்க வேண்டியது தலையணை போல மெதுமெதுவென்று இருக்கும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை இழுபட்டு எழுத்தெல்லாம் அகன்று தெரியும். அது இனிப் பறக்காது.

வைக்கும்போது செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ற். அதற்கு இறக்க வேண்டும். 50 வாற் சார்ஜர்கள் பலவற்றில் இறக்கும் திறன் 5 வாற்தான். 3எஸ் 2200 நிறைந்தால் ஏறத்தாழ 24 வாற்மணி. அதில் பாதியை 5 வாற்றில் இறக்க இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலே போகும், அதுவும் ஒரு பற்றரிக்கு. பரலலில் ஆறைப் போட்டால் அதே 5 வாற்றை ஆறும் பங்கிடும். நாலு சனலில் சனலுக்கு 5 வாற் என்றாலும் நாலு மடங்கு. அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு 'டிஸ்சார்ஜ்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அடுத்தது, 200 வாற் என்று போட்டிருந்தால் அது சனலுக்கா, நாலுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். உங்கள் பற்றரிக்குச் சனலுக்கு 50 வாற் போதும், 2.2 அம்பியருக்கு 28 வாற்தான் வேண்டும். பிறகு 4எஸ், 5எஸ் வாங்கும் எண்ணம் இருந்தால்தான் பெரிதாய்ப் பார்க்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. 12 வோல்ற் 55 வாற் ஹெட்லைட் பல்ப் ஒன்றுக்குப் பிளக் பிடித்துக்கொள்ளுங்கள். 3எஸ் பற்றரியைக் கால் மணித்தியாலத்துக்குள் இறக்கிவிடும். வோல்ற் இறங்கினால் கத்தும் லிப்போ அலாரத்தைச் செல்லுக்கு 3.8ல் வைத்து பலன்ஸ் வாசலில் சொருகிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பக்கத்தை விட்டு எழும்பக் கூடாது. பல்ப் கொதிக்கும், ஓட்டில் அல்லது சீமெந்துத் தரையில் வையுங்கள்.

கிண்ணியா_நாநா
பல்ப் விஷயம் நல்லது. உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை வீடுகளில் பலன்ஸ் பின்னில் பச்சை பிடிக்கிறது. தொடுகை சரியில்லையென்றால் சார்ஜர் செல் வோல்றைப் பிழையாய் வாசிக்கும், நல்ல பற்றரியைக் கெட்டதென்று சொல்லும். போர்ட் என்றாலும் சனல் என்றாலும் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். டப்பா சார்ஜருக்குத்தான், பற்றரியை இறுக்கி மூட வேண்டாம்.

உப்புவெளி_விங்
எல்லோருக்கும் நன்றி. நாலு சனலுக்கே போகிறோம், இறக்கும் வாற்றைப் பார்த்து எடுக்கிறோம். நாநா சொன்ன செக்கரும் ஆளுக்கொன்று வாங்குகிறோம். ஒரு கடைசிக் கேள்வி. நேரடியாக 230 வோல்றில் ஓடுவதும் இருக்கிறது, 12 வோல்ற் மட்டும் எடுப்பதும் இருக்கிறது. 12 வோல்ற் என்றால் வெட்டையில் வானின் பற்றரியில் கொழுவலாம்தானே?

உவர்மலை_மின்
இரண்டும் எடுப்பதாய்ப் பார்த்து வாங்குங்கள் தம்பி. வானில் கொழுவலாம், அளவு தெரிந்து கொழுவ வேண்டும். நாலு 2200ஐ 1சியில் ஏற்றினால் 111 வாற், சார்ஜரின் இழப்போடு 130 என்று வையுங்கள். 12 வோல்றில் அது 11 அம்பியர். 40 அம்பியர் மணி வான் பற்றரியில் ஒரு மணித்தியாலத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். இரண்டாம் தவணையும் போட்டால் பாதி. ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று செய்த ஈயப் பற்றரியை அவ்வளவு ஆழமாய் இறக்கினால் அது சீக்கிரம் படுத்துவிடும், அன்றைக்கே வான் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். வெட்டையில் ஒரு தவணையோடு நிறுத்துங்கள். மிச்சத்தை வீட்டில், விறாந்தைச் சீமெந்தில், திரைச்சீலைக்கும் பாய்க்கும் தள்ளி, ஆள் இருக்கும்போது போடுங்கள். பறந்து வந்த பற்றரி கையில் சூடாய் இருந்தால் ஆறும் வரை சார்ஜரில் சொருக வேண்டாம்.