கோப்பு முடிந்ததா என்று முதலில் கேட்பதா, படித்துப் பார்ப்பதா?

சுண்டெலி: சி மொழியில் கோப்பிலிருந்து எண்களைப் படிக்க "எஃப்ஈஓஎஃப் (feof, படிப்பு கோப்பின் முடிவில் முட்டிவிட்டதா என்று சொல்லும் செயற்கூறு) ஆம் என்னும்வரை ஓடு" என்று லூப் போடக் கூடாது என்கிறார்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன், கூட்டுத்தொகை சரியாகவே வருகிறது. இதில் என்ன குற்றம்?

வரிக்குதிரை: உங்கள் கோப்பில் கடைசி வரிக்குப் பின் என்டர் இருக்காது, அதனால்தான் தப்பிக்கிறீர்கள். 10, 20, 30 என்று மூன்று வரி என்று வையுங்கள். என்டர் இல்லையென்றால் 30-ஐப் படிக்கும்போதே, எண்ணைப் படித்துத் தரும் எஃப்ஸ்கேன்எஃப் (fscanf) கோப்பின் முடிவில் முட்டிவிடும், லூப் ஒழுங்காக நிற்கும். என்டர் இருந்தால் அதற்கு முன்னாலேயே படிப்பு நின்றுவிடும், முடிவு இன்னும் தட்டுப்படவில்லை. லூப் இன்னொரு சுற்று போகும். அந்தப் படிப்பு தோற்கும், மாறியில் பழைய 30 அப்படியே கிடக்கும். கூட்டுத்தொகை 60-க்குப் பதில் 90.

சுண்டெலி: அப்படியானால் கடைசி என்டரை எடுத்துவிட்டால் போதுமே. கோப்பை எழுதுவதும் என் நிரல்தான்.

வரிக்குதிரை: யாராவது விம் (vim) எடிட்டரில் திறந்து சேமித்தால் அது தானே என்டரைச் சேர்த்துவிடும். இன்னொன்று, நடுவில் எண்ணுக்குப் பதில் "இல்லை" என்று ஒரு சொல் வந்தால்? எஃப்ஸ்கேன்எஃப் அதைத் தாண்டாது, அங்கேயே நிற்கும். முடிவு வரவே வராது, லூப் விடிய விடிய ஓடும். எஃப்ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பு 1 தானா, அதாவது ஓர் எண் கிடைத்ததா என்பதையே லூப்பின் நிபந்தனையாக்குங்கள்.

இடைவெளி: பாதிதான் ஏற்கிறேன். அப்படி எழுதினால் 500-ஆவது வரியில் "இல்லை" வந்ததும், கோப்பே முடிந்ததுபோல நிரல் சத்தமில்லாமல் நின்றுவிடும். பாதிக் கூட்டுத்தொகையை முழுசு என்று நம்புவோம். 90 வந்தாலாவது சந்தேகம் வரும். லூப்பை விட்டு வெளியே வந்ததும் எஃப்ஈஓஎஃப்-ஐக் கேளுங்கள்: நின்றது முடிவாலா, பிழையாலா? அதன் இடம் அங்கேதான். நானாக இருந்தால் எஃப்கெட்எஸ் (fgets) கொண்டு வரி வரியாகப் படித்து, அப்புறம் எண்ணாக மாற்றுவேன். எந்த வரியில் கோளாறு என்று சொல்லலாம்.

வரிக்குதிரை: வெளியே வந்து கேட்பது சரி. ஆனால் எஃப்கெட்எஸ்ஸிலும் பள்ளம் உண்டு. பஃபர், அதாவது வரியை வாங்கி வைக்கும் இடம், 80 பைட் என்றால் ஒரு தடவைக்கு 79 பைட்டுக்கு மேல் எடுக்காது. நீளமான வரி இரண்டாக வெட்டுப்படும், உங்கள் வரிக் கணக்கும் தப்பிவிடும்.

இடைவெளி: வாங்கியது என்டரில் முடிகிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். கடைசி வரிக்கு மட்டும் விலக்கு.

சுண்டெலி: சரி, கெட்ட வரியைத் தாண்டிப் போவதா, நிறுத்துவதா?

இடைவெளி: கூட்டுத்தொகை என்றால் நிறுத்துங்கள். வரி எண்ணைக் காட்டிவிட்டு வெளியேறுங்கள்.

வரிக்குதிரை: எல்லாக் கெட்ட வரிகளையும் காட்டிவிட்டு வெளியேறலாம். திருத்துபவர் ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்காது.