15,000 ரூபாய் வகுப்பு எதுக்கு? முதலீட்டுப் பாடம் இலவசமாவே கிடைக்குதே

முதலீட்டுப்பித்தன்: "இலவசமா கிடைக்கிறதெல்லாம் குப்பை, 15,000 கட்டி வகுப்புக்குப் போனாத்தான் முதலீடு வரும்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். எரிச்சல் தாங்கல. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பான செபியோட நிதிக் கல்விக் கையேடு தமிழ்லயே பிடிஎஃப்பா இருக்கு. செபியும் அதோட பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம்மும் நடத்துற முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வுக்குக் கட்டணமே இல்ல, பாடமும் சும்மாதான். ஜெரோதாங்கிற பங்குத் தரகு நிறுவனத்தோட பாடத் தளம் வர்சிட்டி திறந்தே கிடக்கு. முதல்ல கையேடு. அடுத்து ஏதாவது ஒரு பரஸ்பர நிதியோட (பல பேர் பணத்தைச் சேர்த்து முதலீடு பண்ற திட்டம்) திட்டத் தகவல் ஆவணத்தை இறக்கி செலவு விகிதம் (நடத்துறதுக்கு வருஷா வருஷம் பிடிக்கிற சதவீதம்), வெளியேறும் கட்டணம் (சீக்கிரமே பணத்தை எடுத்தா பிடிக்கிறது), பெஞ்ச்மார்க் (ஒப்பிட்டுப் பார்க்கிற குறியீடு) மூணையும் பாருங்க. அப்புறம் எஸ்ஐபி (மாசாமாசம் ஒரே தொகை போடுறது) கால்குலேட்டர்: மாசம் 10,000, 20 வருஷம், 12%. வர்றது 99.91 லட்சம்.

சந்தைச்சாணக்கியன்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். உங்க 99.91 தப்பு. 91.98 லட்சம்தான் வரும். இலவசத்துல படிச்ச லட்சணம் தெரியுது.

முதலீட்டுப்பித்தன்: எந்தக் கால்குலேட்டர்ல வேணா போட்டுப் பாருங்க சார். 99.91தான்.

கணக்குப்பிள்ளை: பித்தன், பல கால்குலேட்டர்கள் 12ஐ 12ஆல வகுத்து மாசம் 1%னு போடுது. மாசம் 1% கூட்டு வட்டியில வருஷத்துக்கு 12.68% ஆயிடும். ஃபண்ட் நடத்துற நிறுவனம் ஒரு வருஷத்துக்கு மேல காட்டுற வருமானம் சிஏஜிஆர், அதாவது கூட்டு வட்டியெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவுன்னு சொல்ற விகிதம். அதனால மாச விகிதம் 0.949%. எக்செல்ல எஃப்வி (எதிர்கால மதிப்பு) ஃபார்முலா போடுங்க: விகிதம் 1.12^(1/12)-1, தவணை 240, தொகை -10000, அடுத்து 0, கடைசில 1. விடை 91.98 லட்சம். அந்தக் கடைசி 1 மாச ஆரம்பத்துல கட்டுறதுக்கு. அதை விட்டா 91.12ன்னு காட்டும்.

சாணக்கியன், நீங்க துள்ள வேண்டாம். இந்த ஃபார்முலாவும் இலவசம்தான்.

முதலீட்டுப்பித்தன்: கடன்ல 12%ன்னா பேங்க் மாசம் 1%தானே போடுது? அப்போ அது தப்பா? 99.91 சரி.

கணக்குப்பிள்ளை: கடன்ல மாசம் 1%னு ஒப்பந்தத்துலயே இருக்கு. ஃபண்ட்ல யாரும் மாசாமாசம் 1% தர்றேன்னு எழுதித் தரல. 91.98.

சந்தைச்சாணக்கியன்: இதைத்தான் என் வகுப்புல முதல் நாளே சொல்றேன். அதோட "பரஸ்பர நிதி"ன்னா எவனுக்குப் புரியும்? மியூச்சுவல் ஃபண்ட்னு சொல்லுங்க.

கோவை_தேன்மொழி: தமிழ்ல சொன்னா உங்களுக்கு ஏன் வலிக்குது? முதல்ல உங்க செபி பதிவு எண்ணைப் போடுங்க. ஆலோசகர்னா ஐஎன்ஏல ஆரம்பிக்கணும், ரிசர்ச் அனலிஸ்ட்னா (பங்கு ஆய்வாளர்) ஐஎன்ஹெச்.

சந்தைச்சாணக்கியன்: நான் கல்வி மட்டும்தான் தர்றேன் மேடம். பதிவு தேவையில்ல.

கணக்குப்பிள்ளை: கல்வி மட்டும்னா கடைசி 3 மாச விலையைக் காட்டக் கூடாதுன்னு 2025 ஜனவரியில செபி சொல்லுச்சு. அந்தச் சுற்றறிக்கையைப் படிங்க. உங்க விளம்பரத்துல போன வாரச் சார்ட் இருக்கு. அதுக்கும் பதில் சொல்லுங்க. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்: பின்னாடி விலை எப்படிப் போகும்னு கணிச்சுப் பண்ற ஒப்பந்த வியாபாரம்) பத்தி அந்த விளம்பரத்துல ஒரு எச்சரிக்கை கூட இல்ல. 2022 நிதியாண்டுல இருந்து 2024 வரைக்கும் அதுல இறங்கின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம்னு செபி ஆய்வே சொல்லுது. அந்த அறிக்கையும் இலவசம்தான்.

சந்தைச்சாணக்கியன்: தங்கப் பத்திரம் பத்தின பழைய விவாதத்துல என்கிட்ட வாங்கிக் கட்டுன கோபம் இன்னும் தீரலயா?

கணக்குப்பிள்ளை: அங்க பாதியில எழுந்து போனது நீங்க. பேச்சை மாத்தாதீங்க. பித்தன், உங்களுக்கும்தான்: டைரக்ட் பிளான் (நேரடியா வாங்குறது), ரெகுலர் பிளான் (ஏஜென்ட் மூலமா, கமிஷனோட வாங்குறது) செலவு வித்தியாசத்தை எழுதாம விட்டுட்டீங்க. அந்தச் செலவுல 12% வருமானம் 11% ஆச்சுன்னா? உங்க கால்குலேட்டர்ல போட்டாலே 20 வருஷத்துல பன்னெண்டரை லட்சம் குறையும்.

முதலீட்டுப்பித்தன்: அப்ப என் கால்குலேட்டர் சரின்னு ஒத்துக்கிட்டீங்க. 99.91.

கணக்குப்பிள்ளை: ஒத்துக்கல. 91.98.

கோவை_தேன்மொழி: சாணக்கியன், போன வாரச் சார்ட் பத்தி இன்னும் பதில் வரல.