வார்ஃபரினோடு (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) குளுக்கோசமைன் (மூட்டுவலிக்கு எடுக்கும் துணை மாத்திரை) எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு 68 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் கோளாறு) வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு; ஏறினால் ரத்தக்கசிவு பயம்) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், படி இறங்கினால் உயிர் போகிறது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரை கிட்டவே வரக்கூடாது, வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால்கூட தினம் 2 கிராம் வீதம் சில நாள் தொடர்ந்தால் ஐஎன்ஆர் ஏறலாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலிலும் அதே பயம் (குழம்பில் போடும் மஞ்சள் வேறு). ஒமேகா-3 தினம் 1 கிராமைத் தாண்டினால் இதயத் துடிப்புக் கோளாறே கூடலாம் என்பதால் அதுவும் வேண்டாம்.

மிச்சம் 1500 மி.கி. குளுக்கோசமைன். இதிலும் ஐஎன்ஆர் உயர்ந்தவர்கள் உண்டு. மருத்துவரிடம் பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: தொடங்கி எத்தனையாவது நாள் ஐஎன்ஆர் பார்த்தீர்கள்? வார்ஃபரின் அளவைக் குறைத்தார்களா? வலி நிஜமாகவே குறைந்ததா, அல்லது கேப்சைசின் (மிளகாய்ச் சத்து) களிம்பே போதுமா?