தட்டுக்குள் ஒரு லகூன்: பிள்ளைகளுக்கு அலையும் நீரோட்டமும் காட்டுவது எப்படி?

ரோஸ் ஹில் (மொரீஷியஸ்), ஆசிரியை:
அலை தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்றுதான் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதலில் அதை மாற்ற வேண்டும். 60 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் பெட்டியில் 6 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு தக்கையை விடுங்கள். ஒரு முனையில் அட்டையை நொடிக்கு இரண்டு, மூன்று முறை அசைத்தால் அலை ஓடும். தக்கை ஏறி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். மெதுவாக அசைத்தால் கெட்டுவிடும்: பெட்டித் தண்ணீர் முழுவதும் தொட்டில் மாதிரி ஆடும். மறுமுனையில் பஞ்சைச் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் அலை மோதித் திரும்பி வரும். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

கியூர்பிப், அறிவியல் ஆசிரியர்:
அக்கா சொன்னதோடு குளிர்நீர் ஓட்டத்தையும் சேர்க்கலாம். நீலச்சாயம் கலந்து உறைய வைத்த ஐஸ் கட்டியை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் போட்டால், நீலம் நூல்நூலாக அடியில் இறங்கும். கடல்தானே என்று பலர் உப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருந்தால், உருகும் நல்ல தண்ணீர் லேசாகி மேலேயே தங்கிவிடும், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் குழப்பமே பாடமாகிவிடும்.

மாஹேபூர், ஆசிரியை:
நம் மொரீஷியஸ் தீவுப் பிள்ளைக்கு இதைவிட முக்கியம் பவளத்திட்டு, அதாவது கரைக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே நிற்கும் பவளச் சுவர். அதன் உள்ளே அடங்கிய கடல்நீர்தான் லகூன். கேக் தட்டின் குறுக்கே மாடலிங் களிமண்ணால் 3 செ.மீ. உயரச் சுவர் எழுப்பி, நடுவில் 4 செ.மீ. இடைவெளி விடுங்கள். கூழாங்கல் வேண்டாம், கல்லுக்குக் கல் தண்ணீர் கசிந்து ஓட்டமே தெரியாமல் போகும். சுவரின் உச்சிக்கு 2 மி.மீ. கீழே வரை தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்திலிருந்து அலை அனுப்புங்கள். அலை சுவரைத் தாண்டி உள்ளே கொட்டும். உள்ளே சேர்ந்த தண்ணீர் இடைவெளி வழியே வெளியேறும். அங்கே ஒரு சொட்டுச் சாயம் விட்டால் நீலநாக்கு கடல்பக்கம் நீளும். சுவர்மேல் நுரை, இடைவெளியில் அமைதி. “எங்கே குளிப்பாய்?” என்று அந்த நேரத்தில் கேளுங்கள். பெரும்பாலும் விரல் அமைதியான இடத்தைத்தான் காட்டும். சாயத்தை இன்னொரு முறை விடுங்கள், அமைதியான இடம்தான் வெளியே இழுக்கிறது என்று தெரியும்.

ஆற்றுமுகத்துக்கு எதிரே திட்டில் வழி இருப்பதற்குக் காரணமும் சொல்லலாம்: நல்ல தண்ணீரும் சேறும் வருமிடத்தில் பவளம் வளராது. சூயாக் ஊர்ப் பக்கம் கிரி கிரி கடற்கரையில் திட்டே இல்லை. தட்டிலிருந்து சுவரை எடுத்துவிட்டால் அந்தக் கரை.

மாஹேபூர், படகுக்காரர்:
டீச்சர் சொன்ன வழியில் இழுப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. வெளியே பெரிய அலை, கடல் வற்றும் நேரம், இரண்டும் சேர்ந்தால் ரொம்ப மோசம். ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் உயரம், இங்கே அரை மீட்டர் அளவுதான், அதை நம்பி ஏமாறக்கூடாது. மணல் கரையில் இழுத்தால் பக்கவாட்டில் நீந்து என்பார்கள். இங்கே பக்கத்தில் இருப்பது பவளம், அதன்மேல் அலை உடைகிறது. அதனால் பிள்ளைகளுக்கு: மல்லாந்து மித, ஒரு கையைத் தூக்கு, கத்து. எதிர்த்து நீந்தாதே. திட்டைத் தாண்டி ஆழத்துக்குப் போனதும் ஓட்டம் பரவித் தளரும். படகு வந்து எடுக்கிற இடமும் அதுதான்.