ஸ்காட்லாந்துக் கோட்டைகள்: மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

மழைக்குடை:
ஃபைவி கோட்டைக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த ஜன்னல் கல்லைப் பார்த்தீர்களா? எனக்கு அதுதான் இரண்டு வருடமாக உறுத்துகிறது.

அந்தக் கோட்டைச் சீமாட்டி லிலியஸ் ட்ரம்மண்ட் கதை தெரிந்திருக்கும். ஐந்து பெண் பிள்ளைகள், ஆண் வாரிசு இல்லை, 1601-இல் சாவு. பட்டினி போட்டே கொன்றார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அதே வருடம் அக்டோபரில் கணவர் அலெக்சாண்டர் சீட்டன் கிரிசல் லெஸ்லியைக் கட்டிக்கொண்டார். முதலிரவில் ஜன்னலுக்கு வெளியே பெருமூச்சு கேட்டுக்கொண்டே இருந்ததாம். விடிந்து பார்த்தால் ஜன்னலின் வெளிப்பக்கக் கல்லில் லிலியஸின் பெயர். தரையிலிருந்து ஐம்பது அடிக்கு மேல்.

நான் பேய் நம்புகிறவன் இல்லை. அன்றைக்கு மழை, கூட்டமும் இல்லை. வழிகாட்டிப் பாட்டி கதையை முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்பா, எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு. எழுதினவங்க வெளியேதான் நின்னிருப்பாங்க."

கீழே எட்டிப் பார்த்தேன். நிற்க இடமே இல்லை, மொட்டைச் சுவர். கையில் அவள் விரல் சில்லென்று இருந்தது. இவ்வளவுதான் என் அனுபவம்.

சிட்டுக்குருவி:
எனக்கு க்ராத்தஸ் கோட்டை. பச்சைப் பெண்மணி என்கிற பேயின் அறை. கையில் குழந்தையோடு கணப்படுப்புப் பக்கமாக நடந்துபோவாள் என்பார்களே, அவள்தான்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். வயிறு லேசாகத் தெரியும். வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர், ராஜா ராபர்ட் புரூஸ் 1323-இல் கொடுத்த தந்தக் கொம்பைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் சொல்லியிருப்பார். இந்த அறைக்கு வந்ததும், "ஒரு பெண்ணை இங்கே பலர் பார்த்திருக்கிறார்கள், அவள் கையில்..." என்று ஆரம்பித்தவர் கண் என் வயிற்றில் பட்டது. நிறுத்திவிட்டார். சட்டென்று தலையை நிமிர்த்தி, "உத்தரத்தில் எழுதியிருக்கும் வரிகளைப் பாருங்கள்" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நான் மட்டும் அந்த அடுப்பைப் பார்த்தேன்.

காரில் உட்கார்ந்து போனில் தேடித்தான் மீதியைப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது அடுப்புக் கல்லுக்கு அடியில் எலும்புகள் கிடைத்தனவாம், ஒரு குழந்தையுடையதும் உண்டாம். இவருக்கு எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வரும்வரை வயிற்றில் கை வைத்துக்கொண்டே வந்தேன். பையனுக்கு இப்போது நாலு வயது, நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த வழிகாட்டி சொல்லி முடித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நண்பர்களே, கொஞ்சம் நிதானம். ஃபைவி எழுத்து கொத்தனார் வேலை. சாரம் கட்டினால் ஐம்பது அடி என்ன, நூறு அடியிலும் வெட்டலாம். லிலியஸ் செத்ததே ஃபைவியில் இல்லை, ஃபைஃப் பக்கம் டால்கெட்டியில். பட்டினி போட்டதற்கும் ஆதாரம் கிடையாது.

"சில்லென்று இருந்தது", "யாரோ நிற்பது போல இருந்தது" என்பதற்கும் ஆராய்ச்சி உண்டு. 1998-இல் விக் டாண்டி என்ற பொறியாளர் எழுதினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள் பட்டறை இடுக்கியில் மாட்டியிருந்த வாட்போட்டி வாள் தானாக அதிர்ந்தது. காரணம் ஒரு மின்விசிறி, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் ஒலி. அதைச் சரிசெய்ததும் பேயும் போய்விட்டது. எடின்பரோ சவுத் பிரிட்ஜ் நிலவறைகளில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 2001-இல் ஆட்களை அனுப்பிப் பார்த்தார். வெளிச்சமும் அறையின் அளவும் மாறமாற, "ஏதோ இருக்கிறது" என்று சொல்வதும் மாறியது.

என் அனுபவம்? எடின்பரோ கோட்டையில் சுரங்கத்துக்குள் அனுப்பித் திரும்பி வராத குழல் வாசிக்கும் பையன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மதியம் ஒரு மணிக்குச் சுடும் பீரங்கி வெடித்தது. கையில் இருந்த காபி முழுக்கச் சட்டையில். அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்கு: சுழல்படிகள் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். சேலையோடு ஏறாதீர்கள். ஃபைவி, க்ராத்தஸ், க்ரெய்கிவார் எல்லாம் நேஷனல் டிரஸ்ட். எடின்பரோ, ஸ்டர்லிங் வேறு அமைப்பு. ஒன்றின் உறுப்பினர் அட்டையை மற்றதில் நீட்டி அசடு வழியாதீர்கள். குளிர்காலத்தில் பல கோட்டைகள் பூட்டிக் கிடக்கும், கிளம்பும் முன் நேரம் பாருங்கள். எடின்பரோ பீரங்கி ஞாயிற்றுக்கிழமை கிடையாது. குழந்தைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக எடுங்கள், சில்லென்று இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் வரவேண்டும்.

தாமிரபரணி:
கணக்குப்பிள்ளை அண்ணே, சேலை கட்டி ஏறாதே என்று யார் கேட்டார்கள்? எங்க அம்மா கிளாமிஸ் கோட்டையில் அத்தனை படியும் சேலையோடுதான் ஏறினாள்.

பிரச்சினை அப்பாவால்தான். முழங்கால் வலி. அங்கே தேவாலயத்தில் ஒரு இருக்கையைச் சாம்பல் நிறப் பெண்மணி என்கிற பேய்க்கென்று எப்போதும் காலியாக விட்டிருப்பார்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா நேரே போய் அதில் உட்கார்ந்துவிட்டார். "ஏல, சும்மாதானே கெடக்கு." கூட்டம் முழுக்கக் கப்சிப்.

நான் காதில் சொன்னேன். அந்தப் பேய் ஜேனட் டக்ளஸ் என்று ஒரு பெண், ராஜா ஐந்தாம் ஜேம்ஸுக்கு அவள் குடும்பத்தின்மேல் பகை, ராஜாவுக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்று வழக்குப் போட்டு 1537-இல் எடின்பரோவில் உயிரோடு எரித்துவிட்டார்கள், அவள் மகனையும் சிறையில் போட்டார்கள் என்று. அப்பா மெதுவாக எழுந்தார். வேட்டி இல்லை, பேன்ட்தான், ஆனாலும் தோளில் துண்டை இறக்குகிற மாதிரி கை போனது. இருக்கையைத் தடவி, "தெரியாம உக்காந்துட்டேன் தாயி" என்றார். அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னிடம் கேட்டார். மொழிபெயர்க்க வரவில்லை.

கடலோரம்:
நான் இருக்கிறது டண்டீயில். டனோட்டர் கோட்டைக்குப் போனால் எல்லாரும் பேய்க்கதைதான் கேட்கினம். 1685 கோடையில் 122 ஆண்களையும் 45 பெண்களையும் அடைத்து வைத்த நிலவறைக்குள்ளே போய் நின்று பாருங்கோ. மதத்தில் அரசன் தலையிடக் கூடாது என்றதுக்காக அடைத்த சனம். நான் எட்டு எட்டாக அறையை அளந்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். கடல் பக்கம் ஒரு திறப்பு இருக்கு. அதிலே என் முகத்தை வைத்து மூச்சு இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று இன்னும் தெரியாது. இதற்கு 19 ஹெர்ட்ஸ் சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
டனோட்டருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. படிகள் அதிகம், அதைமட்டும் சொல்லிவைக்கிறேன்.

மழைக்குடை:
ஸ்வெட்டர் போட்டுத்தான் இருந்தாள் சார், இரண்டு.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் விளக்கத்தை அவளிடம் சொன்னேன். பேய் இல்லைடா, ஒரு கொத்தனார் சாரம் கட்டி ஏறி வெட்டியிருக்கிறார் என்று. இட்லியைப் பிட்டபடி யோசித்தாள்.

"சரி. அவருக்குக் காசு குடுத்தது யாரு?"