"எந்த ரெண்டு கிழமை, மகள்?": முதல் களப்பணியில் உளவியல் மாணவர்கள் சந்தித்தவை

வந்தாறுமூலை மாணவி

உளவியல் மூன்றாம் ஆண்டு உள்ளகப் பயிற்சிக்காக, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தின் உளவளத்துணைப் பிரிவில் இருக்கிறேன். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த அந்த ஒன்பது கேள்விப் படிவத்தைத்தான் (PHQ-9) எனக்கும் தந்தார்கள். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி மண்டூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நித்திரை வருவதில்லை, நெஞ்சு கனக்கிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் சொல்லியிருந்த ஓர் அம்மா முற்றத்தில் இருந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தைப் பார்த்து, "கடந்த ரெண்டு கிழமையா மனஞ்சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருந்தீங்களா அம்மா?" என்று வாசித்தேன். அவருடைய விரல்கள் பன்னின்மேல் அப்படியே நின்றுவிட்டன.

"எந்த ரெண்டு கிழமை, மகள்?" என்று கேட்டார்.

எதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே என் ஊர் எதுவென்று விசாரித்தார். வந்தாறுமூலை என்றேன். "என்ர மனிசன் அங்கதான் நிக்கிறார்" என்றார். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பி வராமலே போனதை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. ஆனால் "நிக்கிறார்" என்று நிகழ்காலத்தில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. மிகுதி எட்டுக் கேள்விகளையும் கேட்காமல் படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். வைத்தியசாலையில் சிகிச்சை உளவியலாளராக வர வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தப் படிப்புக்கு வந்தேன். அன்று முதல், நான் கற்றது அந்த முற்றத்துக்குப் போதுமா என்ற கேள்வி மனதை விட்டு அகலவில்லை.

மருதமுனைப் பட்டதாரி

சகோதரி, நான் அந்தப் படிவத்துக்கு மறுபக்கத்தில் இருந்தவள். 2004 டிசம்பர் 26இல் எனக்கு ஒன்பது வயது. உம்மம்மாவைக் கடல் கொண்டு போய்விட்டது. நாங்கள் பாடசாலை முகாமில் இருந்தோம். ஒன்றரை மாதத்துக்குள் நான்கு குழுக்கள் வந்து எங்களைப் படம் வரையச் சொன்னார்கள். நான்காவது தடவை நான் வீடு, கிணறு, உம்மம்மாவின் வெள்ளாடு ஆகியவற்றை வரைந்து கொடுத்தேன். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஓர் அக்கா, "கடல் எங்க தங்கச்சி?" என்று கேட்டார். நான் நீலப் பென்சிலை எடுத்து அந்த ஆட்டின் மேலேயே கடலைக் கீறினேன். அவர் என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்றார்.

உளவியல் படிக்க நான் முடிவெடுத்ததற்கு அந்த ஆடுதான் காரணம். கல்முனைப் பகுதியில் சிறுவர்களோடு வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்து இன்றுவரை, கடதாசியைக் கையில் கொடுப்பேனே தவிர, எதை வரைய வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. சிறுவர் உளவியலில் முதுமாணி செய்ய வேண்டும் என்பதுதான் என் இலக்கு.

பழைய உத்தியோகத்தர், திருக்கோவில்

இரண்டு பிள்ளைகளுடனும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. முதலில் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞன் என் முன்னால் சிரித்தபடி இருந்து எட்டுக் கேள்விகளுக்கும் "அப்படி ஒண்டுமில்ல சேர்" என்றான். சாவைப் பற்றிக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியை, படிவத்தில் இருக்கிறதே என்பதற்காக மட்டுமே கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் வாசலில் நின்ற தாயைப் பார்த்தான். அன்று மாலையே அவனை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

ஆகவே, மகள், படிவத்தை மடித்தது பிழையன்று, ஆனால் ஒன்பதாவது கேள்வியையும் சேர்த்து மடித்தது பிழை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் அது உண்டாவதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 புள்ளி. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேலும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. நோய் இதுதான் என்ற தீர்ப்பாக அதை எடுக்கக் கூடாது. அந்த அம்மாவின் துயரம் வேறு வகையானது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றிப் போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறைய எழுதியிருக்கிறார். அத்தகையவர்களிடம் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அவர்களுடைய ஆளைக் கொல்லச் சொல்வதற்குச் சமம்.

மருதமுனைப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. அந்த நான்கு குழுக்களைப் போன்ற ஒன்றில் நானும் தொண்டனாகப் போனவன். நடந்ததை வெளியே கொண்டு வந்தால் பாரம் குறையும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், நடந்ததை விவரிக்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது, பார்த்து, கேட்டு, உதவியோடு இணைத்துவிடுங்கள் என்கிறது. எங்களுக்கு அது ஏழு ஆண்டு பிந்தி வந்தது. உங்கள் ஆட்டுக்காக நான் வருந்துகிறேன்.

தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதற்பட்டத்தோடு சிகிச்சை உளவியலாளர் என்று பெயர்ப்பலகை போட முடியாது. அந்தத் துறையில் முதுதத்துவமாணி (MPhil) முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். மருந்து எழுதுவது உளமருத்துவரின் வேலை. அவர் முதலில் வைத்தியர். உளவளத்துணை உதவியாளர் பதவிக்கு வெற்றிடம் அறிவிக்கப்படும்போது விண்ணப்பியுங்கள். இரண்டு மூன்று ஆண்டு களத்தில் நின்றவர்களுக்கு மேற்படிப்பு வேறு விதமாக விளங்கும். எங்கே சேர்ந்தாலும் கிழமைக்கு ஒருமுறை உங்கள் வேலையை மூத்தவர் ஒருவரோடு கதைக்க வழி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அது இல்லாத இடத்தில் கேட்டதையெல்லாம் தனியே சுமந்து, இரண்டாம் ஆண்டே வேலையை விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவில் எவராவது உங்களை அழைத்தால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தைக் கொடுங்கள். உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஏறாவூரிலிருந்து ஒருவர்

சேர் சொன்னவற்றில் ஒன்று விடுபட்டுவிட்டது. எங்கள் அலுவலக வாகனம் ஒரு பெண் பிள்ளையின் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றது. மறுநாள் அயலவர்கள், "புள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று தாயிடம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த தடவை நான் போனபோது அந்தப் பிள்ளை சன்னல் சீலையை இழுத்து மூடியது. இப்போது வாகனத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்தே போகிறேன். அந்தச் சீலை இன்னும் திறக்கப்படவில்லை.

வந்தாறுமூலை மாணவி

சேர், உங்கள் பதிலை மூன்று தடவை வாசித்தேன். பட்டம் முடிந்ததும் முதலில் உளவளத்துணை உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிப்பதென்றும், முதுதத்துவமாணியை அதன் பிறகு செய்வதென்றும் முடிவெடுத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மீண்டும் மண்டூருக்குப் போனேன். நெடுநேரம் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, செத்துவிட்டால் நல்லம் என்று நினைத்ததுண்டா என்று கேட்டேன். குரல் நடுங்கியது என்னுடையதுதான். அவர் சாதாரணமாகவே பதில் சொன்னார்.

"அவர் வந்தா ஆரு மகள் கதவு திறக்கிற?"

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு 0 இட்டு, அதன் கீழே அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.